படத் தளத்தின் வேகத்தை யாருடைய கைப்பேசியில் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புகைப்படங்களை ஏற்றி வைத்து, அவற்றின் இணைப்பைப் பிறருக்கு அனுப்ப உதவும் புதிய இணையதளம் ஒன்றைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். படங்கள் கண் இமைக்கும் நேரத்தில் திறப்பதாக அதில் எழுதியிருந்தது. பெங்களூரு சிவாஜிநகரில் முப்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவன் என்பதால் அந்த வரியைச் சோதிக்காமல் விட மனம் வரவில்லை. பேத்தியின் காதுகுத்துப் படங்களை ஆம்பூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்ததும் வசதியாகப் போயிற்று.

படங்கள் 40; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 எம்.பி. (மெகாபைட்), ஆக மொத்தம் 320 எம்.பி. எங்கள் வீட்டு இணைப்புக்கு 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) என்று பெயரே தவிர, அது இறக்குவதற்கான வேகம். ஏற்றுவதற்குக் கிடைப்பது 20தான். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் நொடிக்கு 2.5 எம்.பி. வீதம் 128 நொடியில் எல்லாப் படங்களும் ஏறியிருக்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கு, தெருவில் எல்லா வீட்டிலும் இணையத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், பதினொரு நிமிடம் ஆயிற்று. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே விழாவின் வேறு 40 படங்களை ஏற்றியபோது மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. (ஏற்கெனவே ஏற்றிய கோப்பு என்று கண்டுகொண்டு, ஏற்றாமலே முடித்துவிடும் தளங்களும் உண்டு என்பதால்தான் வேறு படங்கள்.) ஆகவே இதில் பழியைத் தளத்தின் மீது மட்டும் போடுவதற்கில்லை.

திறக்கும் வேகம்தான் ஏமாற்றக்கூடியது. என் கணினியில் படங்கள் உடனே திறந்தன. முன்பே ஒருமுறை பார்த்திருந்ததால் உலாவி (பிரவுசர்) அவற்றின் நகலைத் தன்னிடமே வைத்திருந்தது. ஆம்பூரில் அக்காவின் கைப்பேசியில் முதல் படம் முழுமையாகத் தெரிய ஆறு நொடி ஆயிற்று. சற்று நேரம் கழித்து, அதே வீட்டில் அக்கா மகன் தன் கைப்பேசியில் திறந்தபோது ஒரு நொடிதான். ஒருவர் கேட்டதும் படத்தின் நகலைப் பக்கத்து நகரத்து வழங்கியில் (சர்வரில்) நிறுத்தி வைத்து, அடுத்து வருபவருக்கு அங்கிருந்தே கொடுப்பது இத்தகைய தளங்களின் வழக்கம். முதல் முறையோ அசல் இருக்கும் இடத்துக்கே போய் வர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், சுமார் 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் பிரான்சிஸ்கோவில் வழங்கி இருந்தால் ஒரு முறை போய் வரவே குறைந்தது 140 மில்லிநொடி ஆகும். படத்தின் முதல் துணுக்கு வருவதற்குள் இப்படிச் சில முறை போய் வர வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து இணைப்பு வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்தியது வேறொன்று. அன்று மாலை அக்கா தொலைபேசியில், "ஏண்டா தம்பி, புள்ள கம்மல்ல கல்லு இருக்குதா இல்லையான்னே தெரியலையே" என்றார். படத்தை இறக்கிப் பார்த்தேன். 8 எம்.பி. படம் 600 கே.பி. ஆகியிருந்தது, 6,000 புள்ளி (பிக்சல்) அகலம் 2,048 ஆகச் சுருங்கியிருந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் இதை ஏழு அங்குல அகலத்துக்குக்கூடப் போட முடியாது. அசலையோ 20 அங்குலத்துக்குப் போடலாம். கைப்பேசியில் பார்த்து மகிழ்வதற்கு இது போதும், ஆல்பம் போடுபவருக்கு உதவாது. தளம் காட்டிய வேகத்தில் பெரும்பகுதி இந்தச் சுருக்கத்தால் வந்ததுதான்.

இனி இத்தகைய தளங்களைப் பரிந்துரைக்கும்போது, எந்த நேரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், முதன்முறையாகத் திறக்கும் வேறொருவரின் கைப்பேசியில் எவ்வளவு நேரம் ஆயிற்று, ஏற்றிய படம் அதே அளவில் திரும்பக் கிடைத்ததா என்பவற்றையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தளத்தின் அமைப்புகளில் 'அசல் அளவு' என்றொரு தெரிவு ஒளிந்து கிடப்பதைப் பிறகுதான் கண்டேன். அதைத் தேர்ந்து ஏற்றிய படத்தில் கம்மலின் சிவப்புக் கல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அக்காவின் கைப்பேசியில் அது திறக்க இருபத்திரண்டு நொடி ஆயிற்று.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.