அந்த வெளி நாற்காலிய உள்ள எடுத்துப் போடுங்க

முன்னாள் ராணுவத்தினருக்குக் கலைப் பட்டறை நடத்துறவங்களுக்கும், அதுக்கு நிதி குடுக்குறவங்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு ரிட்டயர்டு சிப்பாயோட மக. எங்கப்பா வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆச்சு, இன்னும் எங்க போனாலும் முதுகு சுவத்துல இருக்கணும், கண்ணு வாசல்ல இருக்கணும், அப்படித்தான் உக்காருவாரு, யாராவது தட்டைக் கீழ போட்டா உடம்பு ஒரு தடவ தூக்கிப் போடும். என்னப்பா ஆச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ம்பாரு. அந்த ஒண்ணுமில்லைய கேட்டுத்தான் நான் வளந்தேன்.

அப்படிப்பட்டவரு உங்கள மாதிரி ஒரு அமைப்பு நடத்துன களிமண் பட்டறைக்கு வாரம் தவறாம போனாரு. அதுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. யாரும் அவர்கிட்ட கதை கேக்கல, மண்ணைக் குடுத்து பிசையச் சொன்னாங்க, அவ்வளவு தான். இதுல ஒரு விஷயம் இருக்கு. 1996-ல வெளிவந்த ஒரு ஸ்கேன் ஆய்வு, சின்னது தான், எட்டே பேரு, பழைய அதிர்ச்சிய மனசுக்குள்ள திரும்பக் கொண்டு வந்தப்போ மூளையில பேச்சுக்கு உதவுற புரோக்காங்கிற பகுதியில ரத்த ஓட்டம் குறைஞ்சத பாத்தாங்க. எட்டு பேர வச்சு எல்லாருக்கும் சட்டம் எழுத முடியாது, ஆனா எங்கப்பாவுக்கு ஏன் வார்த்தை வரல, கை மட்டும் ஏன் தானா வேலை செஞ்சுச்சுன்னு எனக்கு அதப் படிச்சப்போ தான் கொஞ்சம் புரிஞ்சுது.

இது புதுசும் இல்ல. முதல் உலகப்போர்ல காயம்பட்ட சிப்பாய்ங்க நூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே எம்பிராய்டரி போட்ட பீடத்துணிய 1919-ல லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல விரிச்சாங்க. அதே போர்ல முன்னணியில இருந்து படம் வரைஞ்ச ஏட்ரியன் ஹில் தான் பின்னாடி காசநோய் வந்து சானட்டோரியத்துல படுத்திருந்தப்போ படம் வரைஞ்சு, அந்த அனுபவத்துலேர்ந்து 1942-ல "கலை சிகிச்சை"ங்கிற பேர வச்சாரு. 2007-ல அமெரிக்காவுல வெர்மான்ட்ல தொடங்குன காம்பாட் பேப்பர்னு ஒரு முயற்சியில பழைய யூனிஃபார்ம துண்டு துண்டா வெட்டி, தண்ணியில அரைச்சுக் கூழாக்கி, அதுலேர்ந்து காகிதம் செஞ்சு, அதுலயே எழுதவும் அச்சடிக்கவும் செய்றாங்க. போட்டிருந்த சட்டைய தன் கையாலயே வெட்டுறது, யோசிச்சுப் பாருங்க. எனக்கு இத நினைச்சாலே தொண்டை அடைக்கும்.

சரி, நான் எழுத வந்தது இதுக்கு இல்ல. அப்பா உள்ள மண்ணு பிசைஞ்ச அத்தனை வாரமும் அம்மாவும் நானும் வெளிய நாற்காலியில உக்காந்திருந்தோம். "குடும்பத்தினருக்கும்"னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. அதுக்கு அர்த்தம் கடைசி நாள் கண்காட்சிக்கு வந்து கைதட்டணும், போட்டோவுல பக்கத்துல நிக்கணும்ங்கிறது தான்னு அப்புறம் தெரிஞ்சுது. அவரு போஸ்டிங்ல இருந்த காலத்துல வீட்டைத் தூக்கி நிறுத்துன அம்மாவுக்கு உள்ள ஒரு ஸ்டூல் இல்ல.

ஒருநாள் ரெண்டு பேரு வராம மண்ணு மிஞ்சிடுச்சு, சொல்லித்தர்றவங்க அம்மாவ உள்ள கூப்பிட்டு ஒரு உருண்டைய குடுத்தாங்க. அம்மா ஒரு கதவு செஞ்சாங்க. தாழ்ப்பாள் வரைக்கும். அப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு "இது எந்தக் கதவு"ன்னு கேட்டாரு. "நீங்க இல்லாதப்போ ராத்திரி யாரு தட்டுவாங்களோன்னு நான் பாத்துட்டே இருந்த கதவு, தட்டுனா உங்களப் பத்தின சேதியா இருக்குமோன்னு பயம்"னாங்க அம்மா. எங்க வீட்டுல வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது அப்பா மட்டும் தான்னு நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைச்சிருக்காரு. அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசிட்டே வந்தாங்க.

அதனால கேக்குறேன், குடும்பத்த முதல் நாள்லேர்ந்து செய்றவங்களா சேருங்க. எல்லாரையும் ஒரே மேசையில கட்டாயப்படுத்தி உக்கார வைக்கணும்னு சொல்லல, சில வீட்டுல அப்பனும் மகனும் முதல்ல தனித்தனி மேசையில இருந்தா தான் கை நகரும், மனைவிங்களுக்கு மட்டும்னு ஒரு நாள் தேவைப்படலாம், திரும்பி வராதவங்களோட குடும்பத்தையும் மறந்துடாதீங்க, அவங்களுக்கு எந்தப் பட்டறையிலயும் இடமே இருக்கிறதில்ல. கைக்குழந்தைய பாத்துக்க ஒரு ஆளு இல்லன்னா பாதி பெண்கள் வரவே மாட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் கூத்தா நடத்தாதீங்க. எங்கப்பா முதல் மூணு வாரம் மண்ணைத் தொட்டுட்டு கையக் கழுவிட்டு வந்துட்டாரு, அவ்வளவு தான். வாசல் தெரியிற மாதிரி நாற்காலி போடுங்க, மெஷின் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, ஃப்ளாஷ் வேணாம். எத்தன பேர சுட்டீங்கன்னு கேக்குற ஆளை உள்ள விடாதீங்க. ஓவியம் சொல்லித்தர்றவரு வேற, சிகிச்சை தெரிஞ்சவரு வேற, யாராவது உடைஞ்சு அழுதா கூப்பிட பயிற்சி உள்ள ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். செஞ்சத கண்காட்சியில வைக்கணுமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா, உடைச்சுப் போடணுமாங்கிறது செஞ்சவங்க முடிவு. நிதி குடுக்குறவங்க ரிப்போர்ட்டுக்கு போட்டோ கேக்குறது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன்.

அம்மாவோட கதவு இப்போ எங்க வீட்டு அலமாரியில, அப்பா செஞ்ச கிண்ணத்துக்குப் பக்கத்துல இருக்கு. உங்க விண்ணப்பத்துல "உடன் வருபவர்"னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அடுத்த தடவ அத எடுத்துட்டு அந்த இடத்துல இன்னொரு பங்கேற்பாளரோட பேர் எழுத கோடு போடுங்க.