காமராஜர் பிறந்த நாள்: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். வழக்கம்போல நம் பள்ளியிலும் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப் போகிறோம். ஆனால் இந்த முறை பேச்சுப் போட்டி இல்லை, மாறுவேடப் போட்டியும் இல்லை.

காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகள் மேடையேறி 'கர்மவீரர்', 'கல்விக் கண் திறந்தவர்' என்று பட்டங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். நடுவில் மாடு மேய்த்த சிறுவன் கதை வரும். அது எந்த ஊர் என்பது மட்டும் பேச்சுக்குப் பேச்சு மாறும்! கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிய பிள்ளையிடம், மதிய உணவு எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் விழிக்கிறது.

அவர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்று அதற்கு முந்தைய ஆண்டு வந்து, குலக்கல்வி என்று பெரும் எதிர்ப்பைச் சந்தித்த திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. கல்வித் துறையின் இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு இருந்த காலம் அது. அரசுப் பணத்தை மட்டும் நம்பி அந்த உணவு நடக்கவில்லை, ஊர்மக்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். அப்புறம் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கட்டடம், மேசை, நாற்காலி என்று பள்ளிக்குத் தேவையானதை அந்தந்த ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். கொடுத்தவர்கள், சமைத்தவர்கள், பரிமாறியவர்கள் பெயரெல்லாம் எந்த மேடைப் பேச்சிலும் வருவதில்லை.

காமராஜர் 1975 அக்டோபர் 2-இல் காலமானார். உங்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். அவர் ஆட்சியில் பள்ளிக்குப் போனவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பிள்ளையை அவரிடம் உட்கார வையுங்கள். பள்ளிக்கூடம் கூரையா ஓடா? மதியம் என்ன போட்டார்கள், யார் சமைத்தார்கள்? கூடப் படித்தவர்களில் யார் யார் பாதியில் நின்றார்கள், ஏன்? இப்படிக் கேட்டதைப் பிள்ளை ஒரு கட்டுரையாக எழுதி வரட்டும்.

பாட்டிகளிடம் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் அவர்களில் நிறையப் பேர். சரி, காமராஜரைப் பற்றிய கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா என்று பிள்ளை கேட்டால், தாராளமாக எழுதச் சொல்லுங்கள். புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு பக்கம் போதும். பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும். பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம். இணையத்திலிருந்து எடுத்தது வேண்டவே வேண்டாம்.

ஜூலை 10-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். 15-ஆம் தேதி காலை வழிபாடு முடிந்ததும் அவரவர் வகுப்பிலேயே வாசிப்பார்கள். வர முடிந்த தாத்தா, பாட்டிகளை அழைத்து வாருங்கள். அன்று எல்லா வகுப்புகளையும் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்கிறோம், அவர்கள் மாடி ஏற வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்