படம் சரி, இழுவை எவ்வளவு? டெல்டா மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் கதிரியக்கத் துறைத் தலைவர்களுக்கு வணக்கம். நான் கும்பகோணத்தில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). தசைநாணைப் படம் பிடிப்பதோடு நிறுத்தாமல், அது எவ்வளவு இழுபடுகிறது என்றும் அளந்து தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், எங்கள் பக்கத்து ஆற்றங்கரைச் சாலைகளெல்லாம் விடிவதற்கு முன்பே ஓட்டக்களமாகிவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். வருஷக்கணக்கில் ஓடாத காலைத் திடீரென்று தினமும் விரட்டினால் முதலில் முரண்டு பிடிப்பது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண்தான், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நார்க்கயிறு. நொண்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வரும் பையன்கள் பலர் கையில் ஒரு ஸ்கேன் அறிக்கை இருக்கும். 'நாண் தடித்துள்ளது, நார் அமைப்பு மங்கலாக உள்ளது, டாப்ளரில் ரத்த ஓட்டம் சற்றுக் கூடுதல்.' அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் அவன் கேட்பது ஒரே கேள்வி: "ஓடலாமா சார்?"

அந்த அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. அதை எழுதியவர் மீது குறை சொல்லவில்லை, பார்த்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வலியே இல்லாத காலிலும் இதே தடிப்பும் மங்கலும் தெரிவதுண்டு. வலி போன பிறகும் படம் மாறாமல் இருப்பதுண்டு. எனக்கு வேண்டியது அந்த நாண் சுமை ஏறும்போது எவ்வளவு இழுபடுகிறது என்ற கணக்கு. தேர்வடத்தின் பருமனைப் பார்த்து அதன் வலுவைச் சொல்லிவிட முடியுமா? நோய்ப்பட்ட குதிகால் நாண் பெரும்பாலும் பருத்திருக்கும், ஆனால் முன்னைவிட நெகிழ்ந்து போயிருக்கும்.

இதை அளக்கப் புதிய ஸ்கேன் கருவி தேவையில்லை, உங்கள் அறையில் இருப்பதே போதும். ஒரு காலத்தில் தசைநாணின் இயந்திரப் பண்புகளை அறிய இறந்தவர் உடலிலிருந்து நாணை வெட்டியெடுத்து இயந்திரத்தில் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். உயிருள்ள காலிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து அளக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினார்கள். 1999-இல் மகனாரிஸ், பால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்கால் தசைநாணில் இதை இன்னும் விரிவாகச் செய்தார்கள். அதாவது இது கால் நூற்றாண்டைத் தாண்டிய பழைய சங்கதி.

செய்முறை இதுதான். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தை ஒரு பலகையில் இறுக்கிக் கட்ட வேண்டும். பலகைக்குப் பின்னால் விசைமானி. கெண்டைக்கால் தசை முடிந்து நாண் தொடங்கும் இடத்தில் லீனியர் புரோபை (தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் முனை) வைத்தால், திரையில் அந்தச் சந்தி ஆப்பு நுனி மாதிரி கூராகத் தெரியும். இப்போது பலகையை மெல்ல மெல்ல அழுத்தி, முழு பலத்துக்கு வரச் சொல்ல வேண்டும். அழுத்தம் ஏற ஏற அந்த நுனி முழங்கால் பக்கமாக நகரும். முழு பலத்தில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிக்கூட நகரலாம். விசைமானி காட்டும் திருப்புவிசையை, கணுக்கால் அச்சிலிருந்து நாணுக்குள்ள தூரத்தால் (சுமார் ஐந்து சென்டிமீட்டர்) வகுத்தால் நாணில் விழும் விசை வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் நீள எத்தனை நியூட்டன் தேவைப்படுகிறது என்பதே விறைப்பு. அதை நாணின் நீளத்தால் பெருக்கிக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் யங் குணகம், அதாவது பருமனைச் சாராத, பொருளின் சொந்த விறைப்பு. பருத்த நாணையும் மெலிந்த நாணையும் பொருள் தரத்தில் ஒப்பிட இந்த இரண்டாவது எண்தான் உதவும்.

எழுதிவிட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அழுத்தும்போது குதிகால் பலகையிலிருந்து கொஞ்சம் எழும்பும். கணுக்கால் திரும்பினாலே சந்தி நகரும், அதை நாண் நீண்டதாக எண்ணிவிடக் கூடாது. கணுக்கால் எத்தனை டிகிரி திரும்பியது என்று தனியாக அளந்து கழிக்க வேண்டும். புரோப் வழுக்கியதா என்று தெரிந்துகொள்ள, தோலில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டினால் அதன் நிழல் படத்தில் கோடாக விழும். அந்தக் கோடு நகர்ந்தால் அந்த முயற்சி செல்லாது. அளப்பதற்கு முன்பு நாலைந்து தடவை அழுத்தச் சொல்லி நாணைப் பழக்கிக்கொள்வதும் அவசியம்.

இத்தனை பாடு எதற்கு, எலாஸ்டோகிராபியே இருக்கிறதே என்று தோன்றலாம். திசுவுக்குள் அதிர்வலையை ஓடவிட்டு, அதன் வேகத்தை வைத்து இறுக்கத்தைக் கணிக்கும் ஸ்கேன் முறை அது. கல்லீரல் இறுக்கத்தைப் பார்க்க அந்த வசதியுள்ள கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. லீனியர் புரோபில் அதே வசதி இருந்தால் நாணிலும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் கல்லீரலுக்குச் செய்வது போல கிலோபாஸ்கல் (இறுக்கத்தின் அலகு) எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான திசுவுக்குப் போட்ட கணக்கு அது. நாணோ நீளவாக்கில் நார் ஓடும் மெல்லிய பட்டை, அலை அதற்குள் வேறு விதமாக ஓடும். பாதத்தைச் சற்று மேலே மடக்கினாலே நாண் இறுகி அலை வேகம் எகிறும், சில கருவிகளின் உச்ச வரம்பையே தொட்டுவிடும். ஆகவே அலை வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும், பாதம் எந்தக் கோணத்தில் இருந்தது என்றும் எழுதினால் போதும். கோணம் இல்லாத எண் எனக்குப் பயன்படாது.

நீயே ஒரு கருவி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். (எங்கள் கிளினிக்கில் 'அல்ட்ராசவுண்ட்' என்று வைப்பது சிகிச்சைக் கருவி, அது படம் காட்டாது. நோயாளிகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.) படம் காட்டும் கருவி 1994-ஆம் ஆண்டு கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்குள் வருகிறது. காலை மட்டும் பார்க்கிறேன் என்று சொன்னாலும் இடமும் கருவியும் பதிவாக வேண்டும், இயக்குபவருக்கு உரிய தகுதி வேண்டும். என் போன்ற இயன்முறை மருத்துவர்கள் சிலர் இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. என் வசதிக்காக அந்தக் கதவு ஒரு விரற்கடை திறப்பதும் வேண்டாம்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பதிவு பெற்ற அறையும் கருவியும் உங்களிடம் இருக்கின்றன, மாணவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மதியம், ஓ.பி. கூட்டம் வடிந்த பிறகு, கதிரியக்க மருத்துவர் புரோப் பிடிக்க, பக்கத்தில் ஒரு இயன்முறை மருத்துவர் பலகையையும் விசைமானியையும் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் வலியில்லாதவர்களை அளந்து பாருங்கள். ஒரே காலை இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நல்ல ஆய்வேடாகும். இந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் நாண் எப்படியிருக்கும் என்பதற்கு வெளிநாட்டு எண்களையே எத்தனை காலம் எடுத்தாள்வது?

யாரிடம் தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. குறுவை நடவு முடிந்ததும் கட்டைவிரல் அடியில் வலி என்று வரும் பெண்களையும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரும் தவில் கலைஞர்களையும் அளக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சின்ன நாண்களில் விழும் விசையைப் பிரித்தெடுப்பது கடினம். குதிகாலிலும் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணிலும் முறை நன்றாகப் பழகியிருக்கிறது. ஓடும் பையன்களும், சிமெண்டுத் தரையில் அரைமண்டியில் தட்டடவு போடும் பரதநாட்டிய மாணவிகளும் இந்த இரண்டுக்கும் பொருத்தமானவர்கள்.

அளந்து என்ன ஆகப்போகிறது என்றால், சிகிச்சையே சுமைதான். ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் ஆய்வுக் குழு 1998-இல் வெளியிட்ட, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியும் 12 வாரம் ஓடியது. நாண் மெதுவாகத்தான் இறுகும், கனமான சுமைக்குத்தான் இறுகும். பையன்கள் மூன்றாவது வாரமே வலி குறைந்தது என்று ஓடப்போய்த் திரும்பி வருகிறார்கள். தொடக்கத்திலும் ஆறாவது, பன்னிரண்டாவது வாரங்களிலும் மூன்று எண் கையில் இருந்தால், 'உன் நாண் இன்னும் இறுகவில்லை தம்பி' என்று காட்டி நிறுத்திவைப்பேன். எனக்கும் அது பாடம்: எண் அசையவில்லை என்றால் நான் கொடுத்த சுமை போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

பலகையையும் விசைமானியையும் செய்து கொண்டுவருவது என் பொறுப்பு. நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை எழுதித் தருகிறேன். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்புக்கு முன்பு எந்த மதியம் ஒழியும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
கும்பகோணம்.