சேறானாலும் பாதையிலேயே போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊர் மக்களே சேர்ந்து காக்கும் இயற்கைக் காப்பிடங்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'குப்பை போடாமல் வந்தாலே போதும்' என்று முடித்திருந்தார்கள். போதாது. குப்பையை மறுநாள் யாராவது பொறுக்கிவிடலாம். மிதிபட்ட மண்ணை என்ன செய்வது?

வாரம் ஒருமுறையாவது அப்படியோர் இடத்தில் நடக்கிறவன் நான். ஒரு மழைக்குப் பிறகு ஒற்றையடிப் பாதையின் நடுவே தண்ணீர் தேங்கியது. செருப்பு நனையக் கூடாதென்று எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போனோம், நானும்தான். ஓரத்துப் புல் மசிந்து சேறானது. அடுத்து வந்தவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். மூன்றே மாதத்தில் அங்கே வண்டி போகும் அகலம்! இறுகிப்போன மண்ணில் தண்ணீர் சரியாக இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை: புதுத் தரையில் முதலில் நடக்கிற கொஞ்சம் பேரால்தான் பெருஞ்சேதம். ஏற்கெனவே தேய்ந்த பாதையில் இன்னும் நூறு பேர் நடந்தாலும் கூடுதலாகக் கெடுவது சொற்பம். சேறானாலும் நடுவிலேயே போய்விடுங்கள், செருப்பைக் கழுவிக்கொள்ளலாம். (வீட்டிலிருந்து கிளம்பும் முன்பும் கழுவுங்கள், வேறிடத்துக் களை விதைகள் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.)

அப்புறம், கட்டுரையோடு வந்த ஆட்காட்டிப் பறவைக் கூட்டின் படம். கூடு என்ன கூடு, வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை. கல் எது, முட்டை எது என்றே தெரியாது. கடும் வெயிலில் இந்தப் பறவை வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். படத்தின் ஓரத்தில் எடுத்தவரின் நிழலே விழுந்திருக்கிறது. அவர் நின்ற நேரமெல்லாம் தாய்ப்பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றியிருக்கும், முட்டைகள் வெயிலில் கிடந்திருக்கும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே கதைதான். தன் இடத்துக்குள் இன்னொரு பறவை எதிரியாக நுழைந்துவிட்டது என்று அது மேய்வதை விட்டுவிட்டு ஓடிவருகிறது. நாம் படம் எடுக்கிறோம்.

பறவை பார்க்க வேண்டுமா, ஒரே இடத்தில் அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். பத்துப் பேராய்ப் போனால் இது நடக்காது. அலைந்து தேடிய நாட்களைவிட இப்படி உட்கார்ந்த நாட்களில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கீரி ஒன்று என் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

கூடுகளின் படங்களை, அதுவும் இடம் தெரிகிற மாதிரி, இனி வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே ஆள் போய் நிற்கும்.

– ஒரு வாசகர்