எருக்கஞ்செடியை விட்டுவையுங்கள்

ஏரிக்கரை நடைபாதையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தக் கோடையில் ஞாயிறு தவறாமல் வண்ணத்துப்பூச்சிகளைப் படம் எடுக்கக் கரைக்கு வருகிறேன். ஆறரைக்கே வந்துவிட வேண்டும். இளவெயிலில் அவை சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். நம் நிழல் மேலே படாமல் குனிந்து போனால் அருகில் விடும். வெயில் ஏறிவிட்டால் ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது.

மே மாதம் ஒருநாள் வேலியோர எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று அப்போதுதான் கூட்டை விட்டு வந்திருந்தது. காலிக்கூட்டைப் பற்றிக்கொண்டு தொங்கியது. சிறகெல்லாம் பிழிந்துபோட்ட துணி மாதிரி கசங்கல். பார்க்கப் பார்க்க அது நீண்டு விரிந்தது. வெந்தய நிறம், நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். நாலு படம் எடுத்ததோடு கேமராவை இறக்கிவிட்டேன். பக்கத்து இலைக்கு அடியில் இன்னொரு கூடு இருந்தது. வெளிர்பச்சை, மேலே தங்கப் பொட்டுகள். சரி, அடுத்த வாரம் இதைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

அடுத்த வாரம் செடியே இல்லை. கரை முழுக்கச் சுத்தம் செய்திருந்தார்கள். வெட்டிய எருக்கு குவியலாக வாடிக் கிடந்தது. அன்று ஒரு படம்கூட எடுக்க மனம் வரவில்லை.

பூச்செடிகள் வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் பூ தேன் குடிக்கத்தான். முட்டையிட அதனதன் செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதே வரியனைப் போல வேஷம் போட்டுப் பிழைக்கும் இன்னொரு பூச்சி இருக்கிறது. அதன் புழுவுக்குத் தரையில் படரும் பருப்புக்கீரை. ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு ஆடுதின்னாப்பாளை. நாம் களை என்று பிடுங்குவதெல்லாம் இவைதான். முட்டை பூச்சியாக ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். மாதாமாதம் வெட்டினால் ஒரு தலைமுறையும் தேறாது.

2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அரசு அறிவித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அது மலைக்காட்டில் வாழ்வது, நம் ஏரிக்கு வராது. வருகிறவற்றையாவது காப்பாற்றலாமே.

நடைபாதையை ஒட்டி வெட்டுங்கள், பாம்பு பயம் எனக்கும் உண்டு. வேலியோரம் மூன்றடியை மட்டும் விடுங்கள், மருந்தும் அடிக்க வேண்டாம். மதகுக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு எருக்கு நிற்கிறது. நேற்று ஒன்றில் இலைக்கு அடியில் இரண்டு முட்டை பார்த்தேன். அடுத்த முறை ஆட்கள் வரும்போது அந்த நாலையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் கரைக்கு வரும் ஒருவர்