எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் இத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை, இத்தனை லட்சம் பேருக்கு மாத்திரை என்றுதான் வருகிறது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிற பெண்ணை மாதாமாதம் பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு பிரஷர் 140/90க்குக் கீழே, அதாவது கட்டுக்குள், இறங்கியிருக்கிறது? அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

எங்கள் அப்பாவால்தான் இதைக் கேட்கிறேன். அவருக்கு பிரஷர் இருப்பது ஒரு முகாமில் தெரிந்தது. நாலு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டார், 130க்கு வந்தது, "அதான் நார்மல் ஆயிடுச்சே, இனிமே எதுக்கு" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தான் நார்மலாக இருக்கிறது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று ஒன்றுமே இல்லாமல் ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் விடிகாலையில் சட்டைப் பட்டன் போட வலது கை வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கவாதம். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தோம், அப்புறம் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார்கள், அதற்கு ஒருவர் அலைந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனபோது மத்தியானம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரம் போய்விட்டது.

2020இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் ஏழு பேர்! வீடு தேடி மாத்திரை வரத் தொடங்கியது 2021 ஆகஸ்டில். அதற்குப் பிறகு நடந்த அடுத்த ஆய்வில் 17 சதவீதம் ஆகியிருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மிச்சம் 83 பேர் எங்கள் அப்பா இருந்த அதே இடத்தில்தானே இருக்கிறார்கள்.

இதெல்லாம் குறையவே குறையாத வியாதி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் 1951இலிருந்து 1980 வரை மரணத்துக்கு முதல் காரணமே பக்கவாதம்தான். வடக்கே அகிடா என்ற பனி கொட்டும் மாகாணத்தில் நிலைமை படுமோசம். குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறி, உப்பு மீன், புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டிருக்கிறார். (உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று சாப்பிடுகிற நாம் நம் வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு தீர்கிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம்.) 1960களில் அங்கே கிராமம் கிராமமாகப் போய் பிரஷர் பார்த்தார்கள், அதோடு விடவில்லை, அதிகமாக இருந்தவர்களை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், சமையலில் உப்பைக் குறைக்க வீட்டுப் பெண்களிடம் பேசினார்கள். 1961இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததும் உப்புப் போட்டுப் பதப்படுத்தும் தேவையும் குறைந்தது. 1960களின் நடுவில் உச்சத்தில் இருந்த பக்கவாதச் சாவு அதற்கப்புறம் வருடாவருடம் இறங்கியது, 1981இல் முதலிடத்துக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. இதற்கு இருபது வருடம் பிடித்தது, ஆனால் நடந்தது.

அதனால் ஒரு கோரிக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நம் மாவட்டத்தில் ஒன்றியம் ஒன்றியமாக எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்ற கணக்கை சுகாதாரத் துறையிடம் வாங்கிப் போடுங்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவர் வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுகிறார்கள், எத்தனை நாளைக்குள் தட்டுகிறார்கள் என்பதையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மணப்பாறை