கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்: நைன்-பால் நேரலை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நைன்-பால் போட்டிகளை இணையத்தில் நேரலையாகத் தரும் அமைப்பாளர்களுக்கும், மைக்கின் முன் அமரும் வர்ணனையாளர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் பூல் ஆட்டத்தை விடாமல் பின்தொடர்பவர்கள். அதில் நைன்-பால் என்பது 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளில் மேசையில் உள்ள மிகச் சிறிய எண்ணை முதலில் தொட்டு ஆடி, 9-ஐப் போடுபவர் வெல்லும் ஆட்டம். எங்களில் ஆடுகிறவர்கள் உண்டு, நடுவராக நிற்பவர்கள் உண்டு, அரங்கில் கேமராவும் கேபிளும் பூட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாலை ஆட்டம் என்றால் இந்தியாவில் விடிகாலை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்விழித்துப் பார்க்கிறோம். படம் நன்றாக இருக்கிறது. மேசைக்கு நேர் மேலே ஒரு கேமரா, திரை மூலையில் ஸ்கோர் எல்லாம் வந்துவிட்டன. வர்ணனைதான் இன்னும் அந்தத் தரத்துக்கு வரவில்லை. அதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது என்பதால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். பந்து பாக்கெட்டில் விழுந்ததை நாங்களே பார்த்துவிடுகிறோம். வெள்ளைப் பந்தில் க்யூ (அடிக்கும் கோல்) எங்கே பட்டது, எவ்வளவு வேகம் தேவைப்பட்டது, ஆட்டக்காரர் எந்த வழியை வேண்டாமென்று விட்டார் என்பதெல்லாம் திரையில் தெரிவதில்லை. "அருமையான ஷாட்" என்று சொல்லிவிட்டு நேற்றிரவுச் சாப்பாட்டுப் பேச்சுக்குத் திரும்பினால் இவற்றில் எதுவும் எங்களுக்கு வந்து சேராது.

ஓர் உதாரணம். மேசையில் 7, 8, 9 மட்டும் மிச்சம். 8-இலிருந்து அது விழவேண்டிய மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு கோடு இழுத்து, அதைப் பின்பக்கமும் நீட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து கோட்டின் ஒரு பக்கம் நின்றால், 8-ஐப் போட்ட கையோடு அது தானாகவே 9-ஐ நோக்கி உருளும். மறுபக்கம் நின்றால் பின்னிழுக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று குஷன் (மேசையின் ரப்பர் விளிம்பு) சுற்றி வரவேண்டும். ஆகவே 7-ஐ ஆடுவதற்கு முன்பே "கோட்டுக்கு எந்தப் பக்கம் வரவேண்டும்" என்று சொல்லிவிட்டால், புதிதாகப் பார்ப்பவர்கூட அடுத்த மூன்று ஷாட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். வெள்ளைப் பந்து 8-ஐ ஆட வசதியான அந்தப் பகுதிக்குள் நீளவாக்கில் வருகிறதா, குறுக்கே கடக்கிறதா என்பதும் முக்கியம். நீளவாக்கில் வந்தால் அரை அடி கூடக்குறைய உருண்டாலும் கோணம் கெடாது. குறுக்கே கடந்தால் அதே அரை அடி ரேக்கையே (9 விழும் வரையான ஒரு சுற்று ஆட்டத்தையே) கெடுத்துவிடும். எளிய ஷாட் ஒன்றுக்குப் பெரிய ஆட்டக்காரர் ஏன் இரண்டாவது குஷனையும் தொட்டு வருகிறார் என்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். நேரலைகளில் இதைக் கேட்பது அபூர்வமாக இருக்கிறது.

ஷாட் தவறும்போது "அழுத்தம் தாங்கவில்லை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆட்டக்காரரின் மனதுக்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது; மேசையில் தேடினால் காரணம் பலமுறை கிடைக்கும். வலப்பக்கச் சுழற்சி கொடுத்து அடித்தால் வெள்ளைப் பந்து முதலில் இடப்பக்கம் சற்று விலகிப் போகும். க்யூவின் பின்பக்கம் உயர்ந்திருந்து வேகமும் குறைவாக இருந்தால், போகப் போக வலப்பக்கம் வளைந்து திரும்பும். இரண்டு பந்தும் உரசும் கணத்தில் அடிபடும் பந்து தன் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளப்படும். மெதுவான ஷாட்டில் இந்தத் தள்ளல் அதிகம். தொடும் இடத்தில் க்யூ நுனியில் தேய்க்கும் சாக்பொடி ஒட்டியிருந்தால் இன்னும் அதிகம். மறு ஒளிபரப்பில் வெள்ளைப் பந்து குதித்ததா, வளைந்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் பேசாமல் இருப்பதே நியாயம்.

சேஃப்டி ஆட்டத்தில்தான் (பந்தைப் போடாமல், எதிராளிக்குக் கடினமான நிலையை விட்டுவைக்கும் ஆட்டம்) வர்ணனை மிகவும் தடுமாறுகிறது. "நல்ல சேஃப்டி", "மோசமான சேஃப்டி" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. சேஃப்டி ஆடும்போது நகரும் இரண்டு பந்தில் எதைக் கட்டுப்படுத்த நினைக்கிறார் என்று முதலில் சொல்லுங்கள். முழுதாக அடித்தால் வெள்ளைப் பந்து கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். மறைவிடம் பக்கத்திலேயே இருந்தால் அதுதான் வழி. மெலிதாகத் தொட்டால் எண் பந்து அதிகம் நகராது, வெள்ளைப் பந்துதான் மேசையைச் சுற்றிப் போகும். அதன்பின் எதிராளிக்கு எந்தக் கிக் (வெள்ளைப் பந்து முதலில் குஷனில் பட்டுப் பிறகு பந்தைத் தொடும் அடி) திறந்திருக்கிறது, ஒரு குஷனா இரண்டா, பட்டால் பந்து எங்கே போய் நிற்கும் என்பது வரை சொன்னால் அந்தப் பத்து நிமிடச் சேஃப்டிப் போர் எங்களுக்கு அலுக்காது. 1995-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் அந்நாட்டு ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் இரண்டு குஷன் தொட்டு அடித்த கிக்கை இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அந்த இசட் வடிவப் பாதையைத் தீர்மானித்தது சுழற்சியும் வேகமும். அதைச் சொல்லித்தர ஆளில்லாவிட்டால் அது ஓர் அதிர்ஷ்டமாகத்தான் தெரியும்.

புஷ் அவுட்டும் அப்படியே. பிரேக் (அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி) முடிந்த அடுத்த ஷாட்டில் மட்டும், எந்தப் பந்தையும் தொடாமலும் குஷனை எட்டாமலும் வெள்ளைப் பந்தைத் தள்ளி வைக்கலாம். ஆடுமுன் அறிவிக்க வேண்டும். பிறகு ஆடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்பது எதிராளியின் முடிவு. எதிராளி தயங்கும், ஆனால் தன்னால் ஆட முடிகிற ஒரு நிலையைத் தேடிப் பிடிப்பதுதான் இதிலுள்ள கலை. நல்ல ஜம்ப் ஷாட்காரர் ஜம்ப் (வெள்ளைப் பந்தை மற்றொரு பந்தின் மேலே தாவவைப்பது) தேவைப்படும் இடத்தில் விடுவார். எதிராளி முடிவெடுக்கும் முன்பே "நீங்கள் என்றால் எடுப்பீர்களா?" என்று வர்ணனையாளர் இருவரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டால் போதும், அந்தத் தருணம் உயிர் பெற்றுவிடும். முடிவு தெரிந்தபின் "எடுத்திருக்கக் கூடாது" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் வர்ணனையில் சேர்ந்ததுதான். ஸ்னூக்கர் வர்ணனையாளர் டெட் லோவ் கிசுகிசுப்பான குரலுக்கே பெயர் பெற்றார். பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசியதால் வந்த பழக்கம் அது. ஒரு ஷாட்டுக்கு 30 நொடிக் கடிகாரம் உள்ள போட்டியில் பந்துகள் நின்றதும் சுமார் 15 நொடி உங்களுக்குக் கிடைக்கிறது. தெரிவுகளை அதற்குள் சொல்லிவிடுங்கள். ஆட்டக்காரர் குனிந்ததும் நிறுத்துங்கள். பந்து பட்ட ஓசையிலேயே வேகம் தெரியும், க்யூ நழுவியதும் தெரியும்; அதன்மேல் பேசினால் எங்களுக்கு அந்தத் தகவல் போய்விடுகிறது.

அடுத்தது அமைப்பாளர்களுக்கு. வர்ணனையாளரை வெறுங்கையோடு மைக்கின் முன் உட்கார வைக்காதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு தாள் போதும்.

அதில் முதலில் பிரேக் விதி இருக்கட்டும், ஏனென்றால் நைன்-பாலில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பந்துகளை அடுக்கும்போது ஸ்பாட்டில் (மேசையில் குறித்த புள்ளியில்) 1 இருக்கிறதா, 9 இருக்கிறதா? 1 ஸ்பாட்டில் இருந்து, டெம்ப்ளேட்டால் (பந்துகளை அடுக்க விரிக்கும் மெல்லிய தாளால்) பந்துகள் இடைவெளியின்றி ஒட்டியிருந்தால், ஓரத்துப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குப் பழகிய பாதையில் போய் விழும். பலமாக அடிக்கும் தேவையே இல்லை. 9-ஐ ஸ்பாட்டில் வைக்கும்போது அடுக்கிய பந்துகள் முழுவதும் பிரேக் அடிப்பவரை நோக்கி ஏறத்தாழ 4 அங்குலம் முன்னால் வருகின்றன, அந்தப் பாதை கெடுகிறது. மேசையின் ஓரத்திலிருந்து அடிக்க விடாமல் பிரேக் பெட்டி (பிரேக்கின்போது வெள்ளைப் பந்தை வைக்க வேண்டிய கட்டம்) வரைவதும், மூன்று பந்தாவது விழவோ ஹெட் ஸ்ட்ரிங் கோட்டை (பிரேக் அடிப்பவர் பக்கத்துக் குறுக்குக் கோட்டை) தாண்டவோ வேண்டும் என்பதும் இதே கவலையில் பிறந்த விதிகள். வென்றவருக்கே பிரேக்கா, மாறி மாறியா என்பதையும் எழுதுங்கள். 5-1 என்ற முன்னிலைக்கு இரண்டு முறையிலும் ஒரே பொருள் கிடையாது.

பாக்கெட்டின் அளவையும் எழுதுங்கள். பந்தின் விட்டம் 2¼ அங்குலம். 4½ அங்குல வாயில் இரண்டு பந்து சரியாக அடங்கும், 4 அங்குல வாயில் அடங்காது. குஷனை ஒட்டிய பந்தை வேகமாக அடிக்க ஒருவர் ஏன் தயங்குகிறார் என்பது அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது. துணி புதிதா பழையதா என்றும் ஒரு சொல். புதுத் துணியில் பந்து வழுக்கும், பின்னிழுப்பு அதிகம் பிடிக்கும், கிக் கோணங்கள் மாறும்.

ஃபவுல் (விதிமீறல்) எண்ணிக்கையைத் திரையிலேயே போடுங்கள். தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக் போய்விடும் என்ற விதி இருக்கும்போது, இரண்டில் இருப்பவரின் ஒவ்வொரு சேஃப்டியும் வேறு கணக்கு. நடுவர் எச்சரித்தது மைக்கில் விழாவிட்டால் எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஃபார்கோ ரேட்டிங் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) இருந்தால் அதையும் சேர்த்து, அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். 100 புள்ளி இடைவெளி என்றால் கீழே இருப்பவர் ஒரு ரேக் எடுக்கும்போது மேலே இருப்பவர் இரண்டு எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் முதலில் 9 ரேக் எடுப்பவர் வெல்லும் ஆட்டத்தில் 9-4, 9-5 என்று தோற்றவர் சரிந்துவிடவில்லை, எதிர்பார்த்தபடிதான் ஆடியிருக்கிறார். பூல் ஆட்டங்களை ஒளிப்பதிவு செய்யும் அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனத்தின் பேட் ஃப்ளெமிங் உருவாக்கிய டிபிஏ (மொத்த ஆட்டத்திறன் சராசரி) கணக்கும் இப்படிப் பயன்படும்: போட்ட பந்துகளை, போட்ட பந்துகளும் தவறுகளும் சேர்ந்த தொகையால் வகுப்பது. 0.900-ஐத் தொட்டால் உலகத் தரம். அவர்களுடைய பழைய ஒளிப்பதிவுகளில் மைக்கின் முன் ஆட்டக்காரர்களே உட்கார்ந்து, தெரிவு தெரிவாகப் பிரித்துப் பேசுவார்கள். அந்த மரபை அறிந்தவர்கள் என்பதால்தான் இன்றைய அரட்டை எங்களுக்கு வலிக்கிறது.

பெயர்கள். இது மரியாதைச் சங்கதி. கோ பின்-யி, கோ பிங்-சுங், கோ பிங்-ஹான் மூவரும் தைவானின் சகோதரர்கள். "கோ" குடும்பப் பெயர். வெறுமனே "கோ" என்றால் யார்? 2015-இல் நைன்-பால், டென்-பால் இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற பின்-யியையா, தம்பியையா? வியட்நாம் பெயர்களில் அழைக்கும் பெயர் கடைசியில் வரும். வாயில் நுழையவில்லை என்று சொல்லிச் சிரிப்பது மேசையில் நிற்பவரை அவமதிப்பது. பதிவு மேசையில் ஒரு செல்போனை வைத்து, ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லச் சொல்லிப் பதியுங்கள். ஆளுக்கு 5 நொடி.

ஒலி. மேசைமேல் வைக்கும் மைக்கை விட, வாயருகே நிற்கும் ஹெட்செட் மைக் பல மடங்கு மேல். இரண்டு விரல் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாக இருக்கட்டும். வர்ணனையாளர் ஒவ்வொருவருக்கும் தனி மைக், தனி அளவு. ஒருவர் சிரித்தால் காது கிழிவதும் மற்றவர் முணுமுணுப்பதும் நடு இரவில் கேட்பவருக்குப் பெரும் தொல்லை. குரல் தடத்தில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் ஒரு கம்ப்ரசரும் லிமிட்டரும் போட்டால் தீர்ந்துவிடும். மேசை ஓசைக்குத் தனி மைக், விளக்குச் சட்டத்தில். வர்ணனை வரும்போது அது 6 முதல் 8 டெசிபல் வரை இறங்கி, நின்றதும் ஏறும்படி ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளிலேயே அமைக்கலாம். கேமரா முன் ஒருமுறை கைதட்டி, ஓசையும் படமும் ஒத்துப்போகும் வரை மில்லிநொடித் தாமதத்தைச் சரிசெய்யுங்கள். வர்ணனையாளர் பொது நேரலையைப் பார்த்துப் பேசவே கூடாது. அது பல நொடி பின்னால் ஓடும். ஓபிஎஸ்ஸின் வெளியீட்டை நேராக ஒரு மானிட்டருக்குக் கொடுங்கள். வீட்டிலிருந்து பேசுபவரானால், அவருக்குத் தாமதம் குறைந்த தனி இணைப்பு கொடுத்து, அவர் குரல் வந்து சேரும் அளவுக்கு இங்கே படத்தையும் மேசை ஓசையையும் தாமதப்படுத்துங்கள்.

வர்ணனை இருக்கை மேசையின் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் வேறு அறையில். "இடக் குஷனில் இரண்டாவது வைரக் குறியில் அடித்தால் பந்து கிடைக்கும்" என்று நீங்கள் சொல்வது ஆட்டக்காரர் காதில் விழுந்தால் அது பயிற்சியாளர் உதவி ஆகிவிடும். எதிராளிக்கு அநீதி.

ஒருவரை நாள் முழுக்க உட்கார வைக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் யாராலும் கூர்மையாகப் பேச முடியாது. அலுப்பில்தான் அரட்டை தொடங்குகிறது. ஒருவர் ஸ்கோரும் விதியும் நிலவரமும் சொல்பவர், மற்றவர் ஆடத் தெரிந்தவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலாமவர் இரண்டு ரேக்குக்கு ஒருமுறையாவது யார், எந்தச் சுற்று, எத்தனை ரேக்குக்கு ஆட்டம் என்று சொல்லட்டும். பாதியில் வந்து சேர்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சிறு கோரிக்கை. வர்ணனையை மேசை ஓசையிலிருந்து பிரித்துத் தனித் தடத்தில் பதியுங்கள். ஓபிஎஸ் ஆறு தடங்கள் வரை தனித்தனியாகப் பதியும். போட்டி முடிந்து ஒளிப்பதிவை மீண்டும் ஏற்றும்போது மேசை ஓசை மட்டும் உள்ள ஒரு பிரதியையும் ஏற்றுங்கள். அரங்கில் ஓடும் பாட்டு அந்த மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காப்புரிமைக்காக மொத்த ஒலியையும் அணைத்துவிடுவார்கள், ஊமை ஆட்டம்தான் மிஞ்சும்.

அன்புடன்,
உங்கள் நேரலைகளைத் தவறாமல் பார்ப்பவர்கள்